எலும்பு எங்கும் விலகவில்லை

காது மந்தமான ஒருவருக்கு முதுகில் வைத்தியம் பார்த்ததில் தொடங்குகிறது இந்தக் கதை.

1895 செப்டம்பர் 18. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட் நகரம். அங்கே ஒரு மாடியில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்தக் கைவைத்தியம் பார்த்துவந்தார். கனடாவில் பிறந்தவர்; அதற்கு முன் பள்ளிக்கூட வாத்தியார், தேனீ வளர்த்தவர், மளிகைக் கடைக்காரர். அதே கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது, அன்றிலிருந்து காது கேட்கவில்லை என்று அவர் சொன்னாராம். பால்மர் தடவிப் பார்த்தார். ஒரு முள்ளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதை ஒரே தள்ளில் 'இடத்தில்' உட்காரவைத்தார். காது கேட்டுவிட்டது.

இது பால்மர் சொன்னது. லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்னது வேறு. அப்பா தாழ்வாரத்தில் யாரிடமோ வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுச் சிரித்த பால்மர், கையிலிருந்த தடித்த புத்தகத்தோடு அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு காது கொஞ்சம் தெளிந்ததாக அப்பா சொன்னார். அவ்வளவுதான்.

இரண்டில் எது நடந்திருந்தாலும் உடற்கூறு ஒத்துவரவில்லை. கேட்கும் நரம்பு உட்காதிலிருந்து நேரே மூளையின் அடித்தண்டுக்குப் போகிறது. அது மண்டையோட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. முதுகெலும்பில் எதைத் தள்ளினாலும் அந்த நரம்புக்குச் சேதி போகாது. ஆனாலும் அந்த ஒரு சம்பவத்தின் மேல் பால்மர் ஒரு மருத்துவத்தையே கட்டி எழுப்பினார். கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள்படும் 'கைரோபிராக்டிக்' என்ற பெயரை அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பாதிரியார் எடுத்துக்கொடுத்தார். 1897இல் பள்ளியும் வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு முள்ளெலும்பு விலகுவதே காரணம் என்பது பால்மரின் கொள்கை. அந்த விலகலுக்கு அவர் வைத்த பெயர் 'சப்லக்சேஷன்'.

இன்று அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 70,000 கைரோபிராக்டர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. சிங்கப்பூரிலும் இந்தியப் பெருநகரங்களிலும் கிளினிக்குகள் பெருகிவருகின்றன. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விளம்பரம் கைப்பேசியில் ஓடுகிறது. ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் ஒரு அழுத்து அழுத்துவார். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருப்பதால் 'சடக்' என்ற ஓசை அறை முழுக்கக் கேட்கும். படுத்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சிரிப்பார். பார்க்கிற நமக்கே முதுகு லேசானது போலிருக்கும். எலும்பு விலகியிருந்தது, சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அந்தச் சத்தம் நம்மை நம்பவைக்கிறது.

எலும்பு எங்கும் விலகியிருக்கவில்லை.

முதுகெலும்பின் மூட்டுகள் உண்மையிலேயே விலகுவது உண்டு. மாடியிலிருந்து விழுந்தவருக்கும் வாகனம் மோதியவருக்கும் அப்படி ஆகும். அவரை ஸ்ட்ரெச்சரில் அசையாமல் கொண்டுபோக வேண்டும். கையால் தள்ளிப்பார்க்கும் வேலைக்கு அங்கே இடமில்லை. ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் மெல்ல மெல்லச் சரிந்து முன்னே வரும் நோயும் உண்டு. எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும். எத்தனை முறை அழுத்தினாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. இவை இரண்டும் இல்லாமல், கண்ணுக்கும் எக்ஸ்ரேக்கும் தெரியாமல் விலகி, நரம்பை நசுக்கி, ஆஸ்துமா முதல் அஜீரணம் வரை வரவழைக்கும் 'சப்லக்சேஷன்' என்று ஒன்று உண்டு என்பதை நூறாண்டு கடந்தும் யாரும் நிறுவவில்லை. பிரிட்டனில் இத்தொழிலை முறைப்படுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010இல் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டது: சப்லக்சேஷன் ஒரு கோட்பாட்டுக் கருத்து மட்டுமே, அது நோய்க்குக் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆய்வுச் சான்று கிடையாது.

அப்படியானால் அந்த ஓசை?

நெட்டி முறிக்கும்போது விரலில் கேட்கும் அதே ஓசைதான். முதுகெலும்பின் பின்பக்கம் இரண்டிரண்டாகச் சிறு மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பிசுபிசுப்பான திரவம். திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்துப் பிரித்தால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு குமிழ் உண்டாகும். குமிழ் உருவாகும்போது சத்தம் வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே தகராறு. 1971இல் ஓர் ஆங்கிலேயக் குழு உடையும்போது என்றது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒரு கைரோபிராக்டரின் விரல்களையே எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் படம்பிடித்து, உருவாகும்போது என்றது. 2018இல் கணித மாதிரி போட்ட இருவர், குமிழ் பாதி சுருங்கினாலே அந்த அளவு ஓசை வரும் என்றார்கள். எப்படியும் அது வாயுவின் விளையாட்டு. எலும்போடு எலும்பு உரசுவதோ பொருந்துவதோ இல்லை. ஒருமுறை முறித்த மூட்டு ஏறத்தாழ இருபது நிமிடம் வரை மறுபடி சத்தம் போடாமல் இருப்பதும் அதனால்தான். (நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று தாய் மிரட்டியதை நம்பாத டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர், அறுபது ஆண்டு இடக்கையில் மட்டும் நெட்டி முறித்து வலக்கையை விட்டுவைத்தார். இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை. 2009இல் அவருக்கு, நோபலைக் கிண்டல் செய்யும் இக்நோபல் பரிசு கிடைத்தது.)

ஓசை வரும் இடமும் நினைத்த இடமாக இருப்பதில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் அனுபவமுள்ள கைரோபிராக்டர்கள் இடுப்புப் பகுதியில் குறிபார்த்து அழுத்தினார்கள். சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைக் கருவிகள் பதிந்தன. ஏறத்தாழ பாதித் தடவைதான் குறி தப்பவில்லை. குறியிலிருந்து ஓசை பிறந்த இடத்துக்குச் சராசரி தூரம் 5 சென்டிமீட்டருக்கு மேல். அதாவது ஒரு முள்ளெலும்பாவது தள்ளி. 'உங்கள் எல்4 (இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு) விலகியிருக்கிறது, அதை மட்டும் சரிசெய்தேன்' என்று சொல்லும் கையின் துல்லியம் அவ்வளவுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு இதை முழு ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அழுத்தியதும் பலருக்கு வலி குறைகிறது. மூட்டு அசைந்ததும் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம் கொஞ்ச நேரம் தளர்கிறது. வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புச் செய்திகள் மங்குகின்றன. ஒரு மனிதக் கை தொட்டு, உன் வலியைக் கவனிக்கிறேன் என்று உணர்த்துவதன் ஆறுதலும் உண்டு. கேள்வி, எவ்வளவு குறைகிறது, வேறு எதைவிடக் குறைகிறது என்பதே.

இதற்குப் பதில் தேடிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. 2019இல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு 47 சோதனைகளை, 9,211 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் நாள்பட்ட இடுப்புவலி. முதுகெலும்பை அழுத்தி அசைக்கும் சிகிச்சையும், உடற்பயிற்சி போன்று ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளும் ஒரு மாதம் கழித்து ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. 100 புள்ளி வலி அளவுகோலில் வித்தியாசம் 3 புள்ளி. அதை நோயாளி உணரவே மாட்டார். புதிதாக வந்த இடுப்புவலிக்கு 2017இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. அதில் ஆறு வாரத்துக்குள் 100க்குச் சுமார் 10 புள்ளி வலி குறைந்தது. உண்மையான குறைவுதான்; ஆனால் சிறியது.

இந்தக் கணக்குகளை விடத் தெளிவாகப் பேசுவது 2007இல் 'லான்செட்' வெளியிட்ட ஓர் ஆஸ்திரேலியச் சோதனை. புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்ட 240 பேர். எல்லோருக்கும் குடும்ப மருத்துவர் ஒரே ஆலோசனை சொன்னார்: படுத்துக் கிடக்காதீர்கள், நடமாடுங்கள், பாரசிட்டமால் போடுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும். அதன் மேல் சிலருக்கு டைக்லோஃபெனாக் மாத்திரை, சிலருக்கு முதுகை அழுத்தும் சிகிச்சை, சிலருக்கு இரண்டும், சிலருக்குப் போலிச் சிகிச்சை. யாரும் மற்றவரைவிடச் சீக்கிரம் குணமாகவில்லை. இடுப்புவலியின் குணமே அது: பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். மூன்றாவது வாரத்தில் யார் கை வைக்கிறாரோ அவருக்குக் கைராசி!

ஆனாலும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன் முயலத்தக்கவை என்று வெந்நீர் ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர் ஆகியவற்றோடு முதுகை அழுத்தும் சிகிச்சையையும் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனின் வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: உடற்பயிற்சியோடு சேர்த்துத் தந்தால் மட்டுமே. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டது. வலி மாத்திரைகளுக்கு, அதிலும் அமெரிக்காவைச் சீரழித்த ஓபியாய்டு மாத்திரைகளுக்கு மாற்று வேண்டியிருந்ததும் இந்த மரியாதைக்கு ஒரு காரணம். ஆக, இடுப்புவலிக்கு இது ஒரு வழி. பிசியோதெரபியைவிட உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை. உடற்பயிற்சியோ வீட்டிலேயே செய்யக் கூடியது, செலவில்லாதது, அடுத்த தடவை வலி வருவதையும் ஓரளவு தடுப்பது. மேசையில் குப்புறப் படுத்துக்கொள்வதில் அந்த லாபம் இல்லை.

இடுப்புவலியோடு கடை மூடப்பட்டிருந்தால் இத்தனை சண்டை வந்திருக்காது. பால்மரின் வாரிசுகள் ஆரம்பத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சப்லக்சேஷனே எல்லா நோய்க்கும் மூலம் என்று விடாப்பிடியாக நின்றவர்கள் 'ஸ்ட்ரெய்ட்'. பிற சிகிச்சைகளையும் கலந்துகொண்டவர்கள் 'மிக்சர்'. (நம் ஊர் மிக்சரைப் போலவே அதிலும் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும்.) பால்மரின் மகன் பி. ஜே. பால்மர் முதல் கட்சிக்குத் தலைவர்; விளம்பரத்தில் மேதை. சொந்தமாக வானொலி நிலையமே நடத்தினார். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன் இளைஞராக அறிவிப்பாளர் வேலையைத் தொடங்கியது அந்த நிலையத்தில்தான். மருத்துவர்கள் இவர்களைப் போலி வைத்தியர் என்று பழித்து, சிறைக்கும் அனுப்பினார்கள். 1906இல் பெரிய பால்மரே உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காகச் சிறையில் இருந்தார். அமெரிக்க மருத்துவ சங்கம் இத்தொழிலை ஒழித்துக்கட்ட 1963இல் தனிக் குழுவே போட்டது. அதை எதிர்த்துச் சில கைரோபிராக்டர்கள் வழக்குத் தொடுத்து, 1987இல் வென்றார்கள்: மருத்துவ சங்கம் கூட்டுச்சேர்ந்து தொழில் போட்டியை நசுக்கியது சட்டவிரோதம் என்றார் நீதிபதி. இதை 'நீதிமன்றமே ஒப்புக்கொண்ட சிகிச்சை' என்று சிலர் சொல்வதுண்டு. நீதிமன்றம் ஆராய்ந்தது வணிகப் போட்டிச் சட்டத்தை, முதுகெலும்பை அல்ல.

இரண்டாவது வழக்கு இதைவிடச் சுவையானது. 2008 ஏப்ரலில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் லண்டன் 'கார்டியன்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளின் வயிற்றுவலி அழுகை, காது சீழ், ஆஸ்துமா, தூக்கக் கோளாறு ஆகியவற்றைக் குணப்படுத்துவோம் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் சொல்கிறதே, அதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். சங்கம் சான்றைக் காட்டாமல் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. பத்திரிகை மேல் போடவில்லை, தனிமனிதர் மேல். முதல் சுற்றில் சிங்குக்குப் பாதகமான தீர்ப்பு. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்ததும் சங்கம் வழக்கைக் கைவிட்டது. இதற்குள் கோபமடைந்த வாசகர்கள் நாடெங்கும் கைரோபிராக்டர்களின் விளம்பரங்களைத் தோண்டியெடுத்துப் புகார் மேல் புகாராக அனுப்பியிருந்தார்கள். இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

ஆஸ்துமா பற்றிய விடை அதற்குப் பத்தாண்டு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. 1998இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட கனடியச் சோதனையில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சை. மறுபாதிக்குத் தொட்டு அழுத்துவது போன்ற பாவனை. இரு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். ஆஸ்திரேலியாவில் பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு முதுகை அழுத்தும் காணொளிகள் பரவி மக்கள் கொதித்த பின், 2019இல் அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தடைசெய்தது. பிறகு தளர்த்தியது, அமைச்சர்கள் கண்டித்ததும் 2024இல் மறுபடி தடை வந்தது. பச்சைக் குழந்தையின் அழுகைக்கு முதுகெலும்பு சிகிச்சை என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது உத்தமம்.

இனி கழுத்து.

முதுகில் அழுத்துவதும் கழுத்தைத் திருகுவதும் ஒரே விளம்பரப் பலகைக்குக் கீழே நடந்தாலும் ஒரே ஆபத்துள்ள காரியங்கள் இல்லை. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் நூல் கோத்தது போல ஏறுகின்றன. உச்சியிலுள்ள முதல் முள்ளெலும்பைத் தாண்டும்போது ஒரு கூர்மையான வளைவு எடுத்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையைத் திருப்பும்போது அதிகம் இழுபடுவது அந்த வளைவுதான். அங்கே தமனியின் உட்சுவர் கிழிந்தால் கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து வழியை அடைக்கும். அல்லது ரத்தக்கட்டு உண்டாகி மூளைக்குப் போய்ச் சிக்கும். விளைவு பக்கவாதம். ஐம்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு இந்தத் தமனிக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம்.

2016இல் லாஸ் ஏஞ்சலீஸில் 34 வயது விளம்பர மாடல் ஒருவர் இறந்தார். படப்பிடிப்பில் விழுந்ததில் கழுத்துவலி, கைரோபிராக்டரிடம் போனார், பிறகு பக்கவாதம். கழுத்தைத் திருகியதால் தமனி கிழிந்தது என்று அங்குள்ள மரண விசாரணை அலுவலகம் பதிவு செய்தது. கனடாவிலும் இப்படிப்பட்ட மரண விசாரணைகள் நடந்திருக்கின்றன.

எத்தனை பேருக்கு ஒருவர்? இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. வெளிவந்த மதிப்பீடுகள் இருபதாயிரம் தடவைக்கு ஒன்று என்பதிலிருந்து ஐம்பத்தெட்டு லட்சம் தடவைக்கு ஒன்று என்பது வரை பரந்து கிடக்கின்றன. இவ்வளவு அகலமான கணக்கைக் கணக்கு என்று சொல்வதே கூச்சமாக இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2001இல் வெளியான ஆய்வு, இவ்வகைப் பக்கவாதம் வந்த 45 வயதுக்குட்பட்டவர்கள் அதற்கு முந்தைய வாரத்தில் கைரோபிராக்டரிடம் போயிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்றது. அதே மாநிலத்தில் 818 பக்கவாதங்களை ஆராய்ந்து 2008இல் வந்த இன்னோர் ஆய்வு ஒரு திருப்பத்தைக் காட்டியது: இப்படிப்பட்டவர்கள் சாதாரணக் குடும்ப மருத்துவரிடமும் அதே அளவு போயிருந்தார்கள். குடும்ப மருத்துவர் யார் கழுத்தையும் திருகுவதில்லையே? ஆகவே பலருக்குத் தமனி ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. அதனால் வந்த கழுத்துவலிக்கும் தலைவலிக்கும்தான் அவர்கள் வைத்தியம் தேடிப் போகிறார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

கைரோபிராக்டர்கள் இந்த ஆய்வை விடுதலைப் பத்திரமாகக் காட்டுவார்கள். ஆனால் அதை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தால் கவலை கூடுகிறது. கழுத்துவலி என்று வந்து உட்காருகிறவர்களில் எங்கோ ஒருவருக்கு ஏற்கெனவே தமனி கிழிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் அது தெரியாது. அந்தக் கழுத்தைத்தான் இப்போது ஒருவர் நொடியில் பத்திலொரு பங்கு நேரத்தில், சராசரியாகப் பத்துக் கிலோ விசையோடு திருகப்போகிறார். அமெரிக்க இதய சங்கம் 2014இல், திருகுவதே காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் தொடர்பு இருக்கிறது; திருகும் முன் இதை நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்றது.

இதில் முடிவெடுக்க உதவும் சின்ன ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் கழுத்துவலிக்காரர்கள் 182 பேரில் பாதிப்பேருக்குச் 'சடக்'கென்று திருகும் சிகிச்சை. மீதிப்பேருக்கு மூட்டை மெதுவாக, தாளகதியில், சத்தம் வராமல் அசைக்கும் சிகிச்சை. குணமான வேகத்தில் வித்தியாசமே இல்லை. மெல்ல அசைத்தாலே கிடைக்கும் பலனுக்குத் திருகு எதற்கு? அரிதான ஆபத்தைக்கூட நியாயப்படுத்தும் அளவு லாபம் அந்தத் திருகில் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

இதே நியாயம் நம் முடிதிருத்தும் கடைக்கும் பொருந்தும். முடிவெட்டி, தலையில் தட்டி, கடைசியில் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. காசு வாங்காத உபசாரம். பலருக்கு அது இல்லாவிட்டால் முடிவெட்டிய திருப்தியே வராது. 2017இல் தில்லியில் இப்படித் திருகப்பட்ட 54 வயதுக்காரர் ஒருவருக்கு உதரவிதானத்தை இயக்கும் நரம்பு செயலிழந்து மூச்சுவிடவே கருவியின் துணை தேவைப்பட்டது. 'கழுத்து வேண்டாம்' என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கைரோபிராக்டரிடமும் அதையே சொல்லலாம். முதுகுக்குச் சம்மதித்தவர் கழுத்துக்கும் சம்மதித்ததாக ஆகாது.

இடுப்போ கழுத்தோ, சிலர் இந்த மேசையில் படுக்கவே கூடாது. எலும்பு மெலிந்த முதியவர்கள், பல ஆண்டாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், முதுகெலும்பே ஒரே தண்டாக இறுகிப்போன மூட்டுவாத நோயாளிகள். 2017இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் 80 வயதான ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சிகிச்சை மேசையிலேயே கைகால் செயலிழந்து, மறுநாள் இறந்தார். அவருடைய முதுகெலும்பின் தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகியிருந்தது பின்னர்தான் தெரிந்தது. 2019இல் விசாரணையை முடித்த அதிகாரி, கைரோபிராக்டர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும், சிகிச்சைக்கு முன் படமெடுத்துப் பார்ப்பதும் தேவையில்லையா என்று கேட்டார்.

நம் நாட்டுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை: காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். அது எலும்பைத் தாக்கும்போது அதிகம் தாக்குவது முதுகெலும்பைத்தான். மாலையானால் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் குறையாத முதுகுவலி என்றால் அரித்துப்போன முள்ளெலும்பாக இருக்கலாம். அதன்மேல் ஓர் அழுத்தம் போதும், தண்டுவடம் நசுங்க. இருமல் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. அதேபோல, இடுப்புவலியோடு சிறுநீர் போவதில் சிரமம், தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை இருந்தால் எந்தக் கைவைத்தியத்துக்கும் நேரமில்லை. அன்றே ஆஸ்பத்திரி.

மேற்சொன்ன எதுவும் இல்லாதவர்களுக்குப் பொதுவாக வருவது சின்னத் தொல்லைகள். நார்வேயில் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அழுத்திய இடத்தில் வலி, தலைவலி, அசதி ஏதாவது வந்தது. பெரும்பாலும் ஒரே நாளில் போய்விட்டது.

பணத்துக்கு வருவோம். முதல் நாள் இலவசப் பரிசோதனை, அன்றே எக்ஸ்ரே, படத்தில் சிவப்புக் கோடு போட்டு 'பாருங்கள், வளைந்திருக்கிறது', பிறகு முப்பது நாற்பது தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி. பல நாடுகளில் நோயாளிகள் சொல்லும் அனுபவம் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கிறது. அந்தப் படத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒரு தகவலை நினைவில் வைக்கலாம்: முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) தேய்ந்திருந்தது. ஜவ்வு பிதுங்கியிருந்தவர்களும் நிறைய. தலையில் நரை போல முதுகிலும் நரை. புதிதாக வந்த இடுப்புவலி நாலைந்து தடவையில் குறையவில்லை என்றால் நாற்பதாவது தடவையில் குறையும் என்று காட்டும் ஆய்வு எதுவும் இல்லை. வலி போன பிறகும் 'பராமரிப்புக்கு' மாதந்தோறும் வரச்சொன்னால், வாகனத்துக்கு ஆயில் மாற்றும் உவமை ஒன்றும் கூடவே வரும்.

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. யாரிடம் புகார் செய்வது என்ற கேள்விக்கு விடை தெளிவாக இல்லாத தொழில் இது. சிங்கப்பூரிலும் சட்டப்படியான பதிவேடு இல்லை. மலேசியாவில் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆகவே நம் நாட்டில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தால் என்ன படித்தார், எங்கே, எத்தனை ஆண்டு என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. அமெரிக்காவில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. வார இறுதிப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வீடியோ எடுப்பவர்களும் இருக்கிறார்கள். என் வலிக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், எத்தனை தடவையில் தெரியும், குறையாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள் என்ற மூன்று கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். 'எலும்பு விலகியிருக்கிறது' என்றால் மீதியும் தெரிந்துவிடும்.

எல்லாம் கேட்ட பிறகும் கழுத்தைத் திருகிக்கொண்டவர்களுக்கும், முடிதிருத்தும் நாற்காலியில் சொல்லும் முன்பே திருகப்பட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ இதுவரை வந்திராத தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம், முகத்திலோ உடம்பின் ஒரு பக்கத்திலோ மரமரப்பு வந்தால் 'சதைப்பிடிப்பு' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். திருகியவரிடமே மறுபடி போகாதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. மணி என்ன என்று பார்த்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். கழுத்து எப்போது, எங்கே திருகப்பட்டது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.